தமிழ்நாட்டில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் மின்வாரியமும்

தமிழ்நாட்டில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் மின்வாரியமும் என்னும் இக்கட்டுரை, காற்று, கதிரவன் ஆகியவற்றிலிருந்து பெறப்படும் மின்சாரத்திற்குத் தமிழ்நாடு மாறிவருவதையும், மாநிலத்தின் மின்பகிர்மான நிறுவனம் அம்மாற்றத்திற்கு எழுப்பிய தடைகளையும், அத்தடைகளின் பொருளாதாரக் காரணங்களையும் விளக்குகிறது. இந்தியாவில் காற்றாலைகளை முதலில் பெருமளவில் நிறுவிய மாநிலம் தமிழ்நாடு ஆகும். அதே மாநிலத்தில் காற்றாலை, சூரிய மின்நிலைய உரிமையாளர்கள் மின்வாரியத்திற்கு எதிராகப் பல ஆண்டுகளாக வழக்காடி வந்துள்ளனர். இவ்விரண்டும் ஒன்றாக நிகழ்ந்தது எவ்வாறு என்பதைப் புரிந்துகொள்ள, மின்சாரம் எங்கு உற்பத்தியாகிறது, எங்கு நுகரப்படுகிறது, இடையிலுள்ள கம்பிக்கு யார் பணம் தருகிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை காணவேண்டும்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் அமைந்துள்ள சிங்கப்பெருமாள் கோவில் - ஒரகடம் - திருப்பெரும்புதூர் தொழில்வழி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இங்குள்ள தொழிற்சாலைகள் மிகுந்த மின்சாரத்தைப் பயன்படுத்துகின்றன. ஆனால் மாநிலத்தின் பெரிய காற்றாலைத் தொகுதிகள் தென்மாவட்டங்களிலும் கொங்குப் பகுதியிலும் உள்ளன.

மின்வாரியத்தின் அமைப்பு

தமிழ்நாடு மின்சார வாரியம் 1957 சூலை 1 அன்று நிறுவப்பட்டது. மின்னுற்பத்தி, உயரழுத்தக் கடத்தல், வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் பகிர்மானம் ஆகிய மூன்று பணிகளையும் இந்த ஒரே அமைப்பு அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கவனித்து வந்தது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் இப்பணிகளைப் பிரிக்குமாறு பணித்தது. அதன்படி 2010 நவம்பர் 1 முதல் வாரியம் பிரிக்கப்பட்டு, உற்பத்தியும் பகிர்மானமும் டான்ஜெட்கோ என்று அழைக்கப்பட்ட கழகத்திடமும், கடத்தல் தமிழ்நாடு மின்தொடரமைப்புக் கழகத்திடமும் ஒப்படைக்கப்பட்டன. 2024இல் டான்ஜெட்கோ மீண்டும் பிரிக்கப்பட்டது. அனல் முதலிய மின்னுற்பத்திக்கு ஒரு கழகமும், பகிர்மானத்திற்கு ஒரு கழகமும், புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்குத் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகமும் தோன்றின. இந்நிறுவனங்கள் அனைத்தும் மாநில அரசுக்குச் சொந்தமானவை. பெயர்கள் மாறினாலும் மக்கள் வழக்கில் "மின்வாரியம்" அல்லது "ஈ.பி." என்ற சொல்லே நிலைத்துள்ளது. இக்கட்டுரையிலும் அச்சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

மின்கட்டணத்தையும், காற்றாலைகளுக்குத் தரவேண்டிய விலையையும், கம்பியைப் பயன்படுத்துவதற்கான கட்டணத்தையும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்கிறது. ஆணையத்தின் முடிவை ஏற்காதவர்கள் புது தில்லியிலுள்ள மின்சாரத்திற்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும், அதன்பின் உச்ச நீதிமன்றத்தையும் அணுகலாம்.

காற்றாலைகளின் வளர்ச்சி

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆங்காங்கே இடைவெளிகள் உள்ளன. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய கணவாய்களின் வழியே தென்மேற்குப் பருவக்காற்று விரைந்து வீசுகிறது. உடுமலைப்பேட்டை, பல்லடம், தேனி, கயத்தாறு, முப்பந்தல் ஆகிய இடங்களில் காற்றாலைகள் நெருக்கமாக அமைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

மாநிலத்தின் முதல் காற்றாலைத் தொகுதி 1986இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள முள்ளக்காட்டில் அமைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை தொடங்கப்பட்டிருந்தது. அப்போது மின்வாரியமே காற்றாலைகளை ஊக்குவிக்கும் அமைப்பாக விளங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. காற்று மிகுந்த இடங்களைத் தேர்ந்தெடுக்க அளவீடுகள் நடத்தப்பட்டன. தனியார் தம் காற்றாலையில் உற்பத்தி செய்த மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியாகத் தம் ஆலைக்குக் கொண்டுசெல்லக் குறைந்த கட்டணத்தில் இசைவு அளிக்கப்பட்டது.

நடுவண் அரசின் வரிச்சலுகையும் துணைபுரிந்தது. காற்றாலையின் விலை முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கணக்கில் காட்ட 1990களில் நிறுவனங்களுக்கு இசைவு இருந்தது. பின்னர் இவ்வளவு 80 விழுக்காடாகக் குறைந்தது. 2012இல் நிறுத்தப்பட்டு, 2014இல் மீண்டும் தரப்பட்டு, 2017இல் 40 விழுக்காடாக ஆக்கப்பட்டது. இதனால் காற்றாலைகளை வாங்கியவர்களில் பெரும்பாலோர் மின்னுற்பத்தியைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். கோவை, திருப்பூர், இராசபாளையம் பகுதிகளின் நூற்பாலைகள், சிமெண்ட் ஆலைகள் போன்ற மின்நுகர்வோரே அவர்கள். மின்வாரியத்தின் வாடிக்கையாளரே அதன் போட்டியாளராகவும் ஆன நிலை இவ்வாறு தொடங்கிற்று.

மாநிலத்தின் காற்றாலைகளின் மொத்த நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியுள்ளது. நீண்டகாலம் இந்தியாவில் முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டை அண்மை ஆண்டுகளில் குசராத்து முந்தியது.

சூரிய மின்சாரம்

தமிழ்நாடு அரசு 2012இல் சூரிய ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. 2015க்குள் 3,000 மெகாவாட் என்பது அதன் இலக்கு. அவ்விலக்கு உரிய காலத்தில் எட்டப்படவில்லை. 2016இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் திறனுள்ள நிலையத்தை அதானி குழுமம் அமைத்தது. ஒரே இடத்தில் அமைந்த நிலையங்களில் அக்காலத்தில் அது உலகின் மிகப்பெரியனவற்றுள் ஒன்றாக இருந்தது. அங்கிருந்து வாங்கும் மின்சாரத்திற்கு யூனிட்டுக்கு 7.01 ரூபாய் தர மின்வாரியம் ஒப்பந்தம் செய்திருந்தது.

அடுத்த ஆண்டே, அதாவது 2017இல், மாநிலம் நடத்திய 1,500 மெகாவாட் ஏலத்தில் விலை 3.47 ரூபாயாக இறங்கியது. அதே ஆண்டு நடுவண் அரசின் காற்றாலை ஏலத்தில் 3.46 ரூபாய் விலை கிடைத்தது. அனல்மின்சாரத்தின் விலைக்கு இணையாகவோ அதற்குக் குறைவாகவோ புதுப்பிக்கத்தக்க மின்சாரம் கிடைக்கத் தொடங்கியது இக்காலத்தில்தான். பழைய 7.01 ரூபாய் ஒப்பந்தம் 25 ஆண்டுகளுக்குரியது. விலை விரைந்து வீழும் ஒரு துறையில் நீண்டகால ஒப்பந்தம் செய்வதன் இடரை இது காட்டுகிறது.

தொழிற்சாலை தனக்குரிய மின்சாரத்தைப் பெறும் முறை

ஒரகடத்தில் உள்ள ஒரு தொழிற்சாலை, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள முப்பந்தல் காற்றாலையின் மின்சாரத்தைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். குறிப்பிட்ட அந்தக் காற்றாலையில் தோன்றிய மின்சாரம் கம்பியில் பயணம் செய்து அந்தத் தொழிற்சாலையை அடைவதில்லை. காற்றாலை மின்வலையமைப்பில் மின்சாரத்தைச் செலுத்துகிறது. தொழிற்சாலை வலையமைப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இரண்டு மின்மானிகளின் அளவுகளையும் மின்வாரியம் மாத இறுதியில் ஒப்பிட்டு, வேறுபாட்டிற்கு மட்டும் பட்டியல் அனுப்புகிறது. எனவே இது அடிப்படையில் ஒரு கணக்குமுறை ஆகும். அக்கணக்கில் பின்வரும் கூறுகள் உள்ளன.

திறந்த அணுகல்: 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, பெரிய நுகர்வோர் தாம் விரும்பியவரிடமிருந்து மின்சாரம் வாங்கிக் கொள்ளவும், அதனை வாரியத்தின் கம்பி வழியே பெறவும் உரிமை அளிக்கிறது. இதற்காகக் கம்பிக் கட்டணம், கடத்தல் இழப்பு ஆகியவற்றுடன் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணமும் செலுத்தவேண்டும்.

சொந்தப் பயன்பாட்டு மின்னாக்கம்: ஒரு நிறுவனம் தனக்கெனச் சொந்தமாக மின்நிலையம் வைத்திருந்தால், அதிலிருந்து பெறும் மின்சாரத்திற்குக் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் இல்லை. 2005ஆம் ஆண்டின் மின்சார விதிகளின்படி, மின்நிலையத்தின் உரிமையில் குறைந்தது 26 விழுக்காடு நுகர்வோரிடம் இருக்கவேண்டும். ஓர் ஆண்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் குறைந்தது 51 விழுக்காட்டை அவர்கள் பயன்படுத்த வேண்டும். பல நுகர்வோர் சேர்ந்தும் இந்த 26 விழுக்காட்டை வைத்திருக்கலாம். இது குழுச் சொந்தப்பயன் முறை எனப்படும். நிபந்தனை ஏதேனும் ஓராண்டில் தவறினால், அவ்வாண்டின் மின்சாரம் முழுவதும் வெளியாரிடம் வாங்கியதாகக் கருதப்படும்.

இம்முறையை இத்தொழில்வழியின் ஆலைகளும் பின்பற்றுகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து ஆலை நடத்தும் உண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம், தமிழ்நாட்டில் 75 மெகாவாட் சூரிய மின்நிலையமும் 43 மெகாவாட் காற்றாலையும் அமைக்க 2024இல் ஃபோர்த் பார்ட்னர் எனர்ஜி நிறுவனத்துடன் உடன்பாடு செய்தது. அதற்கென அமைக்கப்படும் நிறுவனத்தில் உண்டாயின் பங்கு 26 விழுக்காடு என அறிவிக்கப்பட்டது. மேற்கண்ட விதியின் எண்ணும் இதுவே என்பதைக் காணலாம்.

பேங்கிங்: வங்கியில் பணம் போட்டு வைப்பதுபோல, காற்று மிகுந்த மாதங்களில் எஞ்சும் மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் விட்டு, காற்று குறைந்த மாதங்களில் திரும்பப் பெறும் முறை இப்பெயரால் அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் காற்றாலை மின்சாரத்தின் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் கிடைப்பதால், இம்முறை இல்லாமல் ஒரு தொழிற்சாலை காற்றாலையை நம்பி இயங்குவது கடினம்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு தொழிற்சாலைக்கு மாதம் 10 இலட்சம் யூனிட் தேவை. சூலை மாதத்தில் அதன் காற்றாலைகள் 12 இலட்சம் யூனிட் உற்பத்தி செய்கின்றன. கடத்தல் இழப்பு 5 விழுக்காடு எனக் கொண்டால், 60,000 யூனிட் கழிந்து 11.4 இலட்சம் யூனிட் கணக்கில் சேரும். தேவை போக 1.4 இலட்சம் யூனிட் மிஞ்சும். பேங்கிங் கட்டணமாக அதில் 14 விழுக்காடு கழிக்கப்பட்டால், திசம்பரில் திரும்பப் பெறக்கூடியது 1,20,400 யூனிட் ஆகும்.

எதிர்ப்பின் வடிவங்கள்

மின்வாரியம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு எதிரான கொள்கை எதனையும் அறிவித்ததில்லை. எதிர்ப்பு பெரும்பாலும் கட்டணங்களிலும், நடைமுறைகளிலும், நாள்தோறும் பிறப்பிக்கப்படும் இயக்க ஆணைகளிலுமே வெளிப்பட்டது.

உற்பத்தியைக் குறைக்கச் செய்தல்

மின்வலையமைப்பில் ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் நுகர்வும் சமமாக இருக்கவேண்டும். சமநிலை குலைந்தால் மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஏர்ட்சிலிருந்து விலகும். ஆகவே சில நிலையங்களை உற்பத்தியைக் குறைக்குமாறு பணிக்கும் அதிகாரம் மாநில மின்சுமை பகிர்ந்தளிப்பு மையத்திற்கு உண்டு. ஆனால் காற்று, சூரிய மின்நிலையங்களுக்கு எரிபொருள் செலவு இல்லை. எனவே வலையமைப்பின் பாதுகாப்புக்கு இடர் நேர்ந்தாலன்றி அவற்றை நிறுத்தக்கூடாது என 2010ஆம் ஆண்டின் இந்திய மின்வலையமைப்பு விதித்தொகுப்பு வகுத்தது.

தமிழ்நாட்டில் காற்றுப் பருவத்தில் காற்றாலைகளும், 2016க்குப் பின் சூரிய மின்நிலையங்களும் அடிக்கடி நிறுத்தப்பட்டன. காரணம் வலையமைப்பின் பாதுகாப்பே என்று மின்வாரியம் கூறியது. மின்சாரம் வாங்கும் செலவைக் குறைக்கவே நிறுத்தப்பட்டன என்று உற்பத்தியாளர்கள் வாதிட்டனர். இந்திய தேசிய சூரிய ஆற்றல் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் இழப்பீடு வழங்க மறுத்தது. மேல்முறையீட்டில் தீர்ப்பாயம், தேசிய மின்வலையமைப்பை இயக்கும் நிறுவனத்தைக் கொண்டு இயக்கப் பதிவுகளை ஆராயச் செய்தது. நிறுத்த ஆணைகள் பலவற்றிற்கு வலையமைப்பின் பாதுகாப்புக் காரணமாக இல்லை என அறியப்பட்டது. 2021 ஆகத்து 2 அன்று தீர்ப்பாயம் உற்பத்தியாளர்களுக்கு இழப்பீடு தருமாறு தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் நடுவண் அரசும் இத்தகைய இழப்பீட்டை விதியாக்கியது.

இவ்வழக்கின் சிறப்பு, வாதத்தை அளவீட்டைக் கொண்டு தீர்த்ததில் உள்ளது. நிறுத்தச் சொன்ன நேரத்தில் அதிர்வெண் என்னவாக இருந்தது, கடத்திகளில் சுமை எவ்வளவு இருந்தது என்பன பதிவாகியிருந்தன. அவற்றை வெளியார் ஒருவர் படித்துப் பார்த்தபோது உண்மை புலப்பட்டது.

பேங்கிங் கட்டுப்பாடுகள்

2006ஆம் ஆண்டின் ஆணையில் பேங்கிங் கட்டணம் 5 விழுக்காடாக இருந்தது. 2016இல் அது 12 விழுக்காடாகவும் 2018இல் 14 விழுக்காடாகவும் உயர்ந்தது. 2018ஆம் ஆண்டின் ஆணை, புதிய காற்றாலைகளுக்குச் சேமிப்புக் காலத்தை ஓராண்டிலிருந்து ஒரு மாதமாகவும் குறைத்தது. நூற்பாலைகள் இதனைத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தன.

நிலுவைகள்

மின்வாரியத்திற்கே மின்சாரத்தை விற்ற காற்றாலை உரிமையாளர்களுக்குப் பணம் மாதக்கணக்கில், சிலபோது ஓராண்டுக்கும் மேல் நிலுவையில் நின்றது. சிறு முதலீட்டாளர்கள் வங்கிக் கடனைச் செலுத்த இயலாமல் இடர்ப்பட்டனர். விற்பதைவிடத் தாமே பயன்படுத்துவது மேல் என்று பலர் சொந்தப்பயன் முறைக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். நிலுவையின் விளைவாக வாரியம் மேலும் நுகர்வோரை இழந்தது.

கூரைச் சூரிய மின்சாரத்தின் மீதான கட்டணம்

வீட்டுக் கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தை நுகர்விலிருந்து கழித்து, எஞ்சியதற்கு மட்டும் கட்டணம் பெறும் நிகர அளவியல் முறை 2013இல் மாநிலத்தில் அறிமுகமானது. தொழிலகங்களின் கூரை நிலையங்களுக்கு, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் வலையமைப்புக் கட்டணம் விதிக்க 2021ஆம் ஆண்டின் ஆணை வழிசெய்தது. தம் கூரையில் தோன்றித் தம் கொட்டகையிலேயே செலவாகும் மின்சாரத்திற்குக் கம்பிக் கட்டணம் எதற்கு என்பது சிறுதொழில் சங்கங்களின் கேள்வி. இரவிலும் மேகமூட்டத்திலும் அவர்கள் வலையமைப்பையே நம்பியுள்ளனர் என்பது வாரியத்தின் விடை. போராட்டங்களைத் தொடர்ந்து 2023இல் சிறு தொழில்களுக்கு இக்கட்டணத்தைப் பாதியாகக் குறைப்பதாக மாநில அரசு அறிவித்தது.

எதிர்ப்பின் காரணங்கள்

குறுக்கு மானியம்

தமிழ்நாட்டில் சிறு உழவர்களுக்கு 1984இலும், பின்னர் 1990இல் அனைத்து உழவர்களுக்கும் பாசனத்திற்கு இலவச மின்சாரம் அறிவிக்கப்பட்டது. 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. இச்செலவில் ஒரு பகுதியை மாநில அரசு மானியமாகத் தருகிறது. மறுபகுதியைத் தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும் செலுத்தும் உயர்ந்த கட்டணமே ஈடுசெய்கிறது. உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கான கட்டணம் 2014இல் யூனிட்டுக்கு 6.35 ரூபாயாகவும், 2022 செப்டம்பரில் 6.75 ரூபாயாகவும் இருந்தது. இதற்கு மேல் தேவைக் கட்டணமும் மாலை உச்சநேரக் கட்டணமும் உண்டு.

3 அல்லது 4 ரூபாய்க்குச் சூரிய மின்சாரம் கிடைக்கும்போது, இக்கட்டணம் செலுத்தும் தொழிற்சாலையே முதலில் வெளியேறும். அது வெளியேறினால் உழவருக்கும் ஏழை வீட்டிற்கும் அளிக்கும் மின்சாரத்தின் செலவு குறைவதில்லை. அதைத் தாங்குவோரின் எண்ணிக்கை மட்டும் குறைகிறது. எஞ்சியோரின் கட்டணத்தை உயர்த்தினால் அவர்களும் வெளியேற முற்படுவர். ஆகவே ஒரகடத்தில் ஓர் ஆலை காற்றாலைக்கு மாறுவது, தஞ்சாவூரில் ஒரு பம்புசெட்டின் கணக்கையும் தொடுகிறது. மின்வாரியத்தின் எதிர்ப்பில் உள்ள நியாயமான கூறு இதுவேயாகும்.

அனல்மின் ஒப்பந்தங்கள்

அனல்மின் நிலையங்களுடன் செய்யப்படும் நீண்டகால ஒப்பந்தங்களில் விலை இரு பகுதிகளாக இருக்கும். ஒன்று, நிலையத்தைக் கட்டிய முதலீட்டிற்கான நிலைக்கட்டணம். மற்றொன்று, எரிக்கப்படும் நிலக்கரிக்கான மாறும் கட்டணம். நிலையம் இயங்கத் தயாராக இருந்தால், அதிலிருந்து ஒரு யூனிட்கூட வாங்காவிட்டாலும் நிலைக்கட்டணத்தைச் செலுத்தியே ஆகவேண்டும். 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டு நிலவியது. அப்பற்றாக்குறையின் அச்சத்தில் ஒப்பந்தங்கள் பெருகின. பின்னர்ச் சூரிய மின்சாரம் மலிவானபோது, நண்பகலில் சூரிய மின்சாரத்தை வாங்கினால் அதன் விலையோடு அனல்மின் நிலையத்தின் நிலைக்கட்டணத்தையும் சேர்த்துச் செலுத்தும் நிலை ஏற்பட்டது.

தொழில்நுட்பக் காரணங்கள்

வாரியத்தின் அச்சங்கள் அனைத்தும் கணக்கு வழக்கு பற்றியன அல்ல. நிலக்கரி கொதிகலனை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இயக்கினால் சுடர் நிலைக்காது. அணைத்துவிட்டு மீண்டும் இயக்கப் பல மணிநேரம் ஆகும். நண்பகலில் 5,000 மெகாவாட்டுக்கும் மேல் தரும் சூரிய நிலையங்கள் மாலை 6 மணிக்குள் சுழியத்திற்கு வருகின்றன. அந்நேரத்தில்தான் வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. மாநிலத்தின் உச்சத்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டை எட்டியது.

மேலும், தென்னிந்திய வலையமைப்பு 2013 திசம்பர் 31 வரை நாட்டின் பிற பகுதிகளுடன் ஒத்தியங்கும் முறையில் இணைக்கப்படவில்லை. அன்று இராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கடத்தி இயங்கத் தொடங்கிய பின்னரே தென்மாநிலங்கள் நாட்டின் ஒரே வலையமைப்பில் சேர்ந்தன. அதற்கு முன், சூலை மாதத்தில் மிகுந்த காற்று மின்சாரத்தை வடக்கே அனுப்பப் போதிய வழி இருக்கவில்லை. மாநிலத்திற்குள்ளும் தென்மாவட்டங்களிலிருந்து சென்னைப் பகுதிக்கான உயரழுத்தக் கடத்திகள் காற்றாலைகள் பெருகிய வேகத்தில் பெருகவில்லை. கயத்தாறு, தேனி மாவட்டத்துத் தப்பக்குண்டு போன்ற இடங்களில் 400 கிலோவோல்ட் துணைமின்நிலையங்கள் அமைந்த பிறகு இந்நெருக்கடி தணியத் தொடங்கியது.

தொழிற்சாலைகளின் எதிர்ப்பு

மாற்றத்திற்குத் தடை மின்வாரியத்திடமிருந்து மட்டுமே வந்தது எனக் கருதுவது பிழையாகும். 2012ஆம் ஆண்டின் சூரிய ஆற்றல் கொள்கை, உயரழுத்த நுகர்வோர் தம் நுகர்வில் 6 விழுக்காடு வரை சூரிய மின்சாரமாகப் பெறவேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது. அன்று சூரிய மின்சாரம் விலை உயர்ந்ததாக இருந்தது. தொழில்துறையினர் இதனை எதிர்த்து மேல்முறையீடு செய்தனர். 2014இல் தீர்ப்பாயம் அவ்வாணையை நீக்கியது. சில ஆண்டுகளில் விலை வீழ்ந்ததும் அதே துறையினர் கூடுதல் சூரிய மின்சாரம் பெற உரிமை கோரினர். இரு காலங்களிலும் அவர்களின் நிலைப்பாட்டை முடிவு செய்தது விலையே ஆகும்.

அண்மைக் காலத்தில் ஏற்றுமதியும் ஒரு காரணமாகச் சேர்ந்துள்ளது. மகிழுந்து, மின்னணுப் பொருள் ஆகியவற்றை வாங்கும் பன்னாட்டு நிறுவனங்கள், பொருளை உருவாக்கப் பயன்பட்ட மின்சாரம் எங்கிருந்து வந்தது எனக் கேட்கின்றன. திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் உதிரிப்பாகங்கள் செய்யும் சிறு ஆலைகளும் இக்கேள்விக்கு விடை கூறவேண்டியுள்ளது. பெரிய நிறுவனம் 26 விழுக்காடு பங்கு வாங்கிச் சொந்த நிலையம் அமைத்துக்கொள்ளும். 50 பேர் வேலைசெய்யும் பட்டறைக்கு அது எளிதன்று. உயர்ந்த கட்டணத்தில் வாரியத்தோடு கடைசியாக எஞ்சி நிற்பவர்கள் இத்தகையோராக இருக்கக்கூடும்.

பிற நாடுகளில்

மரபுவழி மின்நிறுவனங்களுக்கும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கும் இடையிலான முரண் உலகெங்கும் காணப்படுகிறது.

செருமனியில் 2000ஆம் ஆண்டின் சட்டம் காற்று, சூரிய மின்சாரத்திற்கு வலையமைப்பில் முன்னுரிமை அளித்தது. பெரிய மின்நிறுவனங்கள் முதலில் இதனைப் பொருட்படுத்தவில்லை. மொத்தச் சந்தையில் விலை வீழ்ந்தபின், ஈ.ஆன் நிறுவனம் தன் அனல்மின் நிலையங்களை 2016இல் யூனிப்பர் என்ற தனி நிறுவனமாகப் பிரித்தது.

எசுப்பானியாவில் 2015இல் கூரைச் சூரிய மின்சாரத்தின் மீது விதிக்கப்பட்ட கட்டணம் மக்களால் "சூரிய வரி" என்று அழைக்கப்பட்டது, 2018இல் நீக்கப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 2015 இறுதியில் நிகர அளவியல் பயன்கள் குறைக்கப்பட்டன. கூரை நிறுவும் நிறுவனங்கள் மாநிலத்தை விட்டு வெளியேறின. 2017இல் ஒரு சட்டத்தின் மூலம் அப்பயன்களின் பெரும்பகுதி மீட்கப்பட்டது.

இலங்கையில் 2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது மின்தேவை மிகக் குறையும் என்பதால், கூரைச் சூரிய மின்நிலையங்களைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

இந்நாடுகள் சிலவற்றில் மின்நிறுவனங்கள் தனியாருடையவை. அங்கு இழப்பு பங்குதாரர்களைச் சாரும். தமிழ்நாட்டில் மின்வாரியம் அரசுடையது. இழப்பு இறுதியில் அரசுக் கருவூலத்தையும் நுகர்வோரையும் சாரும். தமிழ்நாடு 2017 சனவரியில் உதய் திட்டத்தில் சேர்ந்து வாரியத்தின் கடனில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது இதற்குச் சான்றாகும்.

முன்வைக்கப்படும் தீர்வுகள்

ஆற்றல் சேமிப்பு: நண்பகல் மின்சாரத்தை மாலைக்கு மாற்ற முடிந்தால் பேங்கிங் பற்றிய பூசலின் ஒரு பகுதி தீரும். கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1987 முதல் உள்ளது. மின்சாரம் மிகும்போது நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை மிகும்போது இறக்கி மின்சாரம் பெறுவது இதன் முறை. நீலகிரியில் குந்தா நீரேற்று மின்நிலையம் 500 மெகாவாட் திறனுடன் திட்டமிடப்பட்டது. மின்கலத் தொகுதிகளுக்கும் ஏலங்கள் நடத்தப்படுகின்றன. ஆனால் சூலையில் மிகும் காற்று மின்சாரத்தைத் திசம்பர் வரை வைத்திருக்க மின்கலத்தாலோ நீரேற்று நிலையத்தாலோ இயலாது. பருவங்களுக்கு இடையிலான சமன்பாட்டிற்குப் பிற மாநிலங்களுடனான மின்பரிமாற்றமே வழியாகும்.

சிறு நுகர்வோருக்கும் அணுகல்: 2022 சூன் மாதத்தில் நடுவண் அரசு வெளியிட்ட பசுமை ஆற்றல் திறந்த அணுகல் விதிகள், 1 மெகாவாட்டாக இருந்த குறைந்த அளவை 100 கிலோவாட்டாகக் குறைத்தன. சிறு ஆலைகளும் இதனால் பயன்பெற இயலும்.

பழைய காற்றாலைகளை மாற்றுதல்: காற்று மிகுந்த இடங்களில் 1990களின் சிறிய காற்றாலைகளே இன்றும் பல நிற்கின்றன. அவற்றை அகற்றி உயரமான புதிய காற்றாலைகளை நிறுவுவதற்கான கொள்கையை மாநில அரசு 2024இல் வெளியிட்டது.

மானியத்தை வெளிப்படையாக்குதல்: உழவருக்கும் ஏழை வீடுகளுக்கும் தரப்படும் சலுகையின் முழுச் செலவையும் அரசு தன் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து நேரடியாகச் செலுத்தினால், அச்சுமையைத் தொழிற்சாலையின் மின்கட்டணத்தில் மறைத்து ஏற்றவேண்டிய தேவை இராது. அப்போது வாரியம் கம்பிக்கு உரிய கட்டணத்தை மட்டும் பெறலாம். எவருடைய மின்சாரம் அதில் செல்கிறது என்பது அதற்கு இழப்பாக இராது. இது பொருளியலாளர் பலரும் பரிந்துரைப்பது. எனினும் இதற்குரிய தொகை பெரிது. எனவே எந்த அரசும் இதனை முழுமையாகச் செயல்படுத்தவில்லை.

காற்றாலைகளைத் தொடக்கத்தில் வரவேற்ற மின்வாரியம் பின்னர் அவற்றோடு வழக்காட நேர்ந்ததற்குக் காற்றாலையின் தொழில்நுட்பம் காரணமன்று. ஆலையின் மின்கட்டணத்தைக் கொண்டு உழவரின் மின்சாரச் செலவை ஈடுசெய்யும் பழைய ஏற்பாடும், மலிவான மின்சாரத்தைத் தேடிச் செல்ல ஆலைக்கு உரிமை தரும் புதிய சட்டமும் ஒரே காலத்தில் நடைமுறையில் உள்ளன. இவற்றுள் எது, எவ்வளவு மாறும் என்பதைப் பொறுத்தே தமிழ்நாட்டில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் வேகம் அமையும்.